சாரலில் அழியும் கல்யாணப் படம்

குற்றாலச் சாரல் உடம்புக்கு இதம். ஆனால் தென்காசி வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கும் கல்யாண வீடியோ கேசட்டுக்கு அதுவே எமன்!

ஜப்பானின் சோனி கம்பெனி 1975-ல் "பீட்டாமாக்ஸ்" கேசட்டைக் கொண்டு வந்தது. அதில் ஒரு மணி நேரமே பதிய முடிந்தது. மறு ஆண்டு ஜே.வி.சி. கம்பெனி "வி.எச்.எஸ்." கேசட்டை வெளியிட்டது. அதில் 2 மணி நேரம் பதிந்தது. போட்டியில் அதுவே வென்றது. நம் ஊர்க் கல்யாண வீடுகளுக்கும் வந்தது.

கேசட்டுக்குள் இருப்பது காந்தத் தூள் பூசிய பிளாஸ்டிக் நாடா. ஈரக் காற்றில் அதில் பூஞ்சணம் பிடிக்கும். அதை அப்படியே ஓட விட்டால் நாடா அறுந்து போகலாம்.

வி.சி.ஆர். கருவி தயாரிப்பும் 2016-ல் நின்று விட்டது.

மறைந்த தாத்தாவின் சிரிப்பு அந்த நாடாவில் இருக்கலாம். அடுத்த சாரலுக்கு முன், சுத்தம் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவோரிடம் கொடுத்து விடுங்கள்!