உங்களுக்குத் தெரியுமா? தாம்பரத்தில் கிளம்பிய ஏ.என்-32

✦ தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து அந்தமானுக்குப் போய்வரும் வாராந்தர விமானத்துக்குப் படைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கூரியர்’. சாமானோடு ஆட்களும் போவார்கள். 2016 ஜூலை 22, ஆடி வெள்ளி. காலை எட்டரைக்குக் கிளம்பிய ஏ.என்-32, மதியத்துக்குள் போர்ட் பிளேரில் இறங்கியிருக்க வேண்டும். ஒன்பதே கால் வாக்கில், 23,000 அடி உயரத்தில், ரேடாரிலிருந்து மறைந்தது. போரும் இல்லை, எதிரியும் இல்லை.

✦ அதில் இருந்தவர்கள் 29 பேர். விமானத்தை இயக்கிய ஆறு பேர் உட்பட 17 பேர் விமானப்படையினர். தரைப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை ஆட்களும் இருந்தார்கள். மிச்சமுள்ள எட்டுப் பேர் சீருடையே அணியாதவர்கள். விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கின் ஊழியர்கள். அஞ்சலிச் செய்திகளில் இவர்கள் பெரும்பாலும் கடைசி வரியில்தான் வருகிறார்கள்.

✦ காணாமல் போனவர் இறந்ததாக நம் சட்டம் அனுமானிக்க ஏழு ஆண்டு ஆக வேண்டும். இந்த 29 பேர் விஷயத்தில் விமானப்படை அவ்வளவு காக்க வைக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரிலேயே இறந்ததாகக் கருதி, குடும்பங்களுக்குத் தெரிவித்துவிட்டது. பென்ஷனுக்கு வழி பிறந்தது. ஆனால் உடல் வரவில்லை. எங்கே விழுந்தது என்பதும் தெரியவில்லை. காகிதத்தில் முடிந்தது வீட்டில் முடியுமா?

✦ நீரில் மூழ்கிய விமானத்தைக் காட்டிக்கொடுக்க ஒரு கருவி உண்டு. தண்ணீர் பட்டதும் 37.5 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கத் தொடங்கும்; சுமார் 30 நாள் தாங்கும். 2015 ஜூனில் கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம் நம் கடலூர்ப் பக்கம் விழுந்தபோது, கடற்படை நீர்மூழ்கி ஒன்று இந்தச் சத்தத்தைப் பிடித்துத்தான் இடத்தை நெருங்கியது. அதற்கும் ஒரு மாதம் பிடித்தது. ஏ.என்-32 அப்படிச் சிக்கவில்லை.

✦ கடைசியில் ஏ.என்-32-ஐக் கண்டது போர்க்கப்பல் அல்ல. பள்ளிக்கரணையில் இருக்கிறதே, தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம், அதன் ஆளில்லா நீர்மூழ்கி. ஆழ்கடல் கனிமங்களைத் தேடுவதற்கென்று வாங்கியது. சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 310 கி.மீ. தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் கிடந்த துண்டுகளை அது படமெடுத்தது. படத்தில் இருந்தவை ஏ.என்-32-இன் பாகங்களோடு ஒத்துப்போயின. அந்தப் பகுதியில் வேறெந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவே இல்லை. ஆகவே அதுதான் என்று 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. ஏழரை ஆண்டு!

✦ ஏ.என்-32 இந்தியாவின் தேவைக்காகவே சோவியத் யூனியனில் உருவானது. வெயிலும் உயரமும் சேர்ந்தால் இன்ஜின் திணறும் என்பதால் வலிமையான இன்ஜின் போட்டார்கள்; பெரிய காற்றாடி தரையில் இடிக்காதபடி அதை இறக்கைக்கு மேலே ஏற்றினார்கள். விமானப்படையில் அதற்கு ‘சட்லெஜ்’ என்று பெயர்.

✦ ஏழரை ஆண்டே அதிகம் என்கிறோம். 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லே போன விமானப்படையின் ஏ.என்-12 விமானம், வானிலை மோசமாகித் திரும்பும் வழியில் ரோதாங் கணவாய்ப் பக்கம் தொலைந்தது. 100 பேர் அளவில் இருந்தார்கள். 2003-இல்தான் மலையேறிகள் கண்ணில் முதல் தடயம் பட்டது. 2024 செப்டம்பரில் பனியிலிருந்து மேலும் நான்கு உடல்கள் கிடைத்தன. ஒருவர் பத்தனம்திட்டா மாவட்டத்து இளைஞர், சாகும்போது வயது 22. அக்டோபரில் ராணுவ மரியாதையோடு சொந்த ஊரில் அடக்கம் செய்தார்கள். அவருக்குப் பின் பிறந்த தம்பிகூட அதற்குள் முதியவராகியிருந்தார்.