மின்பணியாளர் அல்லாதோருக்கான மின் பாதுகாப்புப் பயிற்சி

மின்பணியாளர் அல்லாதோருக்கான மின் பாதுகாப்புப் பயிற்சி என்பது, மின்பணியைத் தம் தொழிலாகக் கொள்ளாத, ஆனால் மின்சாரத்தால் இயங்கும் எந்திரங்களோடு நாள்தோறும் பழகுகின்ற தொழிலக ஊழியர்களுக்கு அளிக்கப்படும் அடிப்படைப் பயிற்சி ஆகும். எந்திரம் இயக்குவோர், பொருத்துநர் (பிட்டர்), பற்றவைப்போர் (வெல்டர்), வண்ணம் பூசுவோர், துப்புரவுப் பணியாளர், கிடங்குப் பணியாளர் முதலியோர் இதில் அடங்குவர். இவர்களை மின்பணியாளர் ஆக்குவது இப்பயிற்சியின் நோக்கம் அன்று. இடரை அறிதல், எந்திரத்தை மின்வழங்கலில் இருந்து பிரித்தல், பழுதின் அறிகுறிகளைக் கண்டு சரியாக அறிவித்தல், எந்த இடத்தோடு தம் வேலை முடிகின்றது என்பதை உணர்தல் ஆகிய நான்கும் இதன் நோக்கங்கள் ஆகும்.

தேவை

சுழலும் பற்சக்கரமும் கொதிக்கும் எண்ணெயும் கண்ணுக்குப் புலப்படும் இடர்கள். மின்சாரம் அத்தகையது அன்று. மின்னழுத்தம் ஏறிய இரும்புச் சட்டமும் ஏறாத சட்டமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

மின்பணியாளர் மின்சாரத்தைத் தேடிச் செல்கிறார். அதற்கான கருவிகளும் எச்சரிக்கையும் அவரிடம் உண்டு. ஏனையோர் வேறொரு வேலையில் இருக்கும்போது மின்சாரத்தை எதிர்கொள்கின்றனர். சுவரில் துளையிடும்போது உள்ளே செல்லும் கம்பி வெட்டுப்படலாம். எந்திரத்தை நீர்பாய்ச்சிக் கழுவும்போது மின்பெட்டிக்குள் நீர் புகலாம். அலுமினிய ஏணியைத் தூக்கிச் செல்லும்போது அது மேல்நிலை மின்கம்பியில் படலாம். கைச்சாணை எந்திரத்தின் வடம் தரையில் உராய்ந்து, அதன் காப்புறை கிழிந்திருக்கலாம். இவை எதுவும் மின்பணி அன்று. ஆயினும் ஒவ்வொன்றும் உயிரைப் பறிக்கக் கூடியது.

மின்னோட்டமும் மனித உடலும்

மின்தாக்கின் கடுமையைத் தீர்மானிப்பது உடலின் ஊடாகப் பாயும் மின்னோட்டத்தின் அளவு, அது பாயும் வழி, பாயும் நேரம் ஆகியவை ஆகும். 50 ஏர்ட்சு மாறுதிசை மின்னோட்டத்துக்கு ஏறத்தாழப் பின்வரும் விளைவுகள் கூறப்படுகின்றன.

- 0.5 முதல் 1 மில்லிஆம்பியர் வரை: மெல்லிய கூச்ச உணர்வு.
- ஏறத்தாழ 10 மில்லிஆம்பியர்: கைத்தசைகள் இறுகிவிடும், பிடித்த பொருளை விட இயலாமற் போகலாம்.
- 30 மில்லிஆம்பியரும் அதற்கு மேலும்: மூச்சுத் தடைப்படலாம். நேரம் நீளும்போது இதய அறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நிலை ஏற்பட்டு இறப்பு நேரலாம்.

பிடித்ததை விட இயலாத இந்நிலையைப் பற்றி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த சார்லசு டால்சியல் விரிவாக ஆராய்ந்தார். மின்கசிவைக் கண்டறிந்து மின்சாரத்தை நிறுத்தும் கருவி ஒன்றை அவர் 1961-ஆம் ஆண்டில் உருவாக்கினார்.

இந்தியாவில் ஒருமுனை மின்வழங்கல் 230 வோல்ட்டு ஆகும். உடலின் மின்தடையை 1000 ஓம் எனக் கொண்டால், ஓமின் விதிப்படி 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லிஆம்பியர் பாயும். வியர்வையும் ஈரமும் தோலின் தடையைக் குறைப்பதால் இவ்வளவு மேலும் உயரலாம். எனவே, வீட்டு மின்சாரம்தானே என்று எண்ணி அலட்சியம் செய்வதற்கு இடமில்லை. தொழிலகங்களின் மும்முனை மின்வழங்கலில் இரு முனைகளுக்கு இடையே 400 வோல்ட்டு அளவில் மின்னழுத்தம் இருக்கும்.

மின்தாக்கைத் தவிர மின்வில் (ஆர்க்) என்பதும் பேரிடர் ஆகும். மின்பலகைக்குள் குறுக்குச்சுற்று ஏற்படும்போது காற்றின் ஊடே மின்பொறி பாய்ந்து, உலோகம் ஆவியாகும் அளவுக்கு வெப்பம் உண்டாகும். கம்பியைத் தொடாமல் அருகில் நின்றவருக்கும் கடும் தீக்காயம் நேரலாம். இவ்விடரைக் கணக்கிடும் முறையை 1982-இல் ரால்ஃப் லீ என்னும் பொறியாளர் தம் ஆய்வுக்கட்டுரை ஒன்றில் விளக்கினார். திறந்திருக்கும் மின்பலகையின் முன்னால் வேடிக்கை பார்க்க நிற்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பாதுகாப்புக் கருவிகளும் அவற்றின் எல்லையும்

பாதுகாப்புக் கருவிகளைப் பற்றிய தவறான நம்பிக்கை, கருவியே இல்லாமையைப் போன்ற இடரை உண்டாக்கக் கூடியது. ஆதலால் எந்தக் கருவி எதைக் காக்கின்றது என்பது பயிற்சியின் முதன்மையான பாடங்களுள் ஒன்றாகும்.

உருகியும் (பியூசு) சுற்றுமுறிப்பானும் (எம்.சி.பி): இவை அளவுக்கு மீறிய மின்னோட்டத்தால் கம்பிகள் சூடேறித் தீப்பற்றாமல் காப்பவை. 16 ஆம்பியர் சுற்றுமுறிப்பான் என்பது 16,000 மில்லிஆம்பியரைத் தடையின்றிச் செல்லவிடும். மனிதருக்கு ஆபத்தான 30 மில்லிஆம்பியரைப் போல் அது ஐந்நூறு மடங்குக்கும் மேற்பட்டது. ஒருவர் உடலில் மின்சாரம் பாய்ந்துகொண்டிருப்பதை இக்கருவி உணராது. சுருங்கக் கூறின், இது கம்பியைக் காக்கும், ஆளைக் காக்காது.

மின்கசிவு முறிப்பான் (ஆர்.சி.சி.பி): இது செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிடுகின்றது. ஒரு பகுதி உடல் வழியாகவோ எந்திரச் சட்டத்தின் வழியாகவோ நிலத்துக்குக் கசிந்தால் இரண்டும் சமமாக இரா. ஆட்களைக் காக்கப் பொருத்தப்படும் வகை, கசிவு 30 மில்லிஆம்பியரை எட்டும்போது 0.3 நொடிக்குள் சுற்றை முறிக்கும். எனினும் ஒருவர் மின்கம்பியையும் நடுநிலைக் கம்பியையும் ஒருசேரத் தொட்டு, நிலத்துக்குக் கசிவு ஏதும் இல்லையெனில் இதுவும் இயங்காது. இதன் சோதனைப் பொத்தானைத் தயாரிப்பாளர் குறிப்பிடும் கால இடைவெளியில் அழுத்திப் பார்த்தல் வேண்டும்.

புவித்தொடுப்பு (எர்த்): மின்கம்பியின் காப்புறை சிதைந்து எந்திரத்தின் உலோகச் சட்டத்தைத் தொட்டால், புவித்தொடுப்பு வழியாகப் பெரும் மின்னோட்டம் பாய்ந்து பாதுகாப்புக் கருவி இயங்கும். புவித்தொடுப்புக் கம்பி அறுந்திருந்தால் எந்திரம் வழக்கம்போல் ஓடும். குறை எதுவும் தெரியாது. சட்டத்தில் மின்னழுத்தம் ஏறி நிற்பதைத் தொடுபவரே அறிவார். இந்தியச் செருகிகளில் புவித்தொடுப்பு முனை மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பது, அது முதலில் இணைந்து கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காகவே. அம்முனையை நீக்கிவிட்டோ, செருகி இல்லாமல் வெறும் கம்பிகளைத் தீக்குச்சியால் பொருத்துவாயில் செருகியோ கருவிகளை இயக்குவது இப்பாதுகாப்பை முற்றிலும் அழித்துவிடும்.

மின்வழங்கலைப் பிரித்தல்

சிக்கிய பொருளை எடுத்தல், பட்டையை (பெல்ட்டு) மாற்றுதல், துப்புரவு செய்தல் போன்ற வேலைகளுக்கு முன் எந்திரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது. நிறுத்து பொத்தானும் அவசர நிறுத்தப் பொத்தானும் பெரும்பாலும் கட்டுப்பாட்டுச் சுற்றையே துண்டிக்கின்றன. மின்பலகையில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். வேறொருவர் பொத்தானை அழுத்தினாலோ, தானியங்கு உணரி ஒன்று இயங்கினாலோ எந்திரம் மீண்டும் ஓடத் தொடங்கலாம்.

ஆதலால் முதன்மைப் பிரிப்பானை (ஐசொலேட்டர்) அணைத்து, அதில் பூட்டுப் போட்டு, அட்டை மாட்டும் முறை பின்பற்றப்படுகின்றது. அமெரிக்காவில் இதற்கான கூட்டரசு விதி 1989-இல் வெளியிடப்பட்டது. இம்முறையின் படிகள் வருமாறு.

1. பாதிக்கப்படும் அனைவருக்கும் அறிவித்தல்.
2. எந்திரத்தை வழக்கமான முறையில் நிறுத்துதல்.
3. முதன்மைப் பிரிப்பானை அணைத்தல்.
4. வேலை செய்யும் ஒவ்வொருவரும் தம் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையை மாட்டுதல். சாவி அவரவரிடமே இருத்தல் வேண்டும்.
5. தேங்கிய ஆற்றலை நீக்குதல். அழுத்தக் காற்று, இழுபட்ட சுருள்வில், தூக்கி நிறுத்திய பளு ஆகியன இதில் அடங்கும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் உள்ள மின்தேக்கிகள் அணைத்த பின்னும் சில நிமிடங்களுக்கு மின்னேற்றத்தைத் தாங்கியிருக்கும்.
6. இயக்கு பொத்தானை அழுத்தி, எந்திரம் ஓடவில்லை என உறுதி செய்து, மீண்டும் நிறுத்த நிலைக்குக் கொணர்தல்.

ஒருவரது பூட்டை மற்றொருவர் நீக்கக் கூடாது. நான்கு பேர் வேலை செய்தால் நான்கு பூட்டுகள் இருக்க வேண்டும். நான்காவது பூட்டு நீங்கும் வரை எந்திரம் ஓடாது. மின்பலகைக்குள் மின்னழுத்தம் இல்லை என்று அளந்து உறுதி செய்வது தகுதி பெற்ற மின்பணியாளரின் வேலை ஆகும்.

எல்லைக்கு உட்பட்ட பழுதறிதல்

பழுதறிதல் என்பது மூடியைத் திறப்பதில் தொடங்குவதன்று. மின்பணியாளர் அல்லாதவர் பார்த்தல், கேட்டல், முகர்தல் ஆகியவற்றாலேயே பெரும் உதவி செய்ய முடியும். எந்திரம் ஓடவில்லையெனில் அவசர நிறுத்தப் பொத்தான் அழுத்தப்பட்டுள்ளதா, பாதுகாப்புக் கதவு சரியாக மூடியுள்ளதா, செருகி முழுமையாகப் பொருந்தியுள்ளதா, அருகிலுள்ள எந்திரங்களுக்கு மின்சாரம் உள்ளதா, எச்சரிக்கைத் திரையில் என்ன குறி தோன்றுகின்றது என்பவற்றை அவர் பார்க்கலாம். சில அறிகுறிகளும் அவற்றின் பொருளும் கீழே தரப்படுகின்றன.

- மும்முனை மின்னோடி (மோட்டார்) சுழலாமல் உறுமுதல்: ஒரு முனையில் மின்சாரம் இல்லாமல் இருக்கலாம், அல்லது சுமை இறுகியிருக்கலாம். உடனே அணைக்காவிடில் சுருணை எரிந்துவிடும்.
- எரிந்த வாடை, செருகி பழுப்பேறுதல், கைபொறுக்காத சூடு: இணைப்புத் தளர்ந்திருக்கலாம், அல்லது மிகைச்சுமை.
- சட்டத்தைத் தொடும்போது கூச்சம்: மின்கசிவு. எந்திரத்தைத் தொடாமல் முதன்மைப் பிரிப்பானில் அணைத்து, பிறரையும் விலக்கி, உடனே அறிவித்தல் வேண்டும். "லேசாகத்தான் அடிக்கிறது" என்று விட்டுவிடுவது உயிராபத்தில் முடியலாம்; அதே கசிவு ஈரக்கையுடன் வருபவரைக் கொல்லக்கூடும்.
- சுற்றுமுறிப்பான் விழுதல்: சுற்றில் ஏதோ ஒன்று பழுதாகியுள்ளது, அல்லது சுமை மிகுந்துள்ளது.

கடைசியாகக் கூறப்பட்டதில் தவறுகள் மிகுதி. உற்பத்தி நின்றுவிட்டது என்ற அவசரத்தில் முறிப்பானை மீண்டும் மீண்டும் தூக்கிவிடுவதும், உருகிக்குப் பதிலாகத் தடித்த செப்புக் கம்பியைக் கட்டுவதும் பல இடங்களில் காணப்படுகின்றன. குறுக்குச்சுற்று நீங்காத நிலையில் முறிப்பானைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் பெரும் மின்னோட்டம் பாய்கின்றது. முறிப்பானே வெடிக்கவும் கூடும். காரணம் கண்டறிந்து, பாதுகாப்பானது என உறுதி செய்யும் வரை மீண்டும் மின்சாரம் கொடுக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு விதிகளிலும் உள்ளது. விழுந்த முறிப்பான் ஒரு தொல்லை அன்று. அது ஒரு செய்தி. பொருள் சிக்கியதால் மிகைச்சுமை ரிலே விழுந்தது என்று ஐயமின்றித் தெரிந்தால், எந்திரத்தைப் பூட்டிவிட்டுச் சிக்கலை நீக்கிய பின், நிறுவனம் அனுமதித்திருப்பின், வெளியிலுள்ள பொத்தானால் ஒருமுறை மீளமைக்கலாம். மீண்டும் விழுந்தால் மின்பணியாளரையே அழைத்தல் வேண்டும்.

கம்பிகளின் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதும் கற்பிக்கப்படுகின்றது. இந்தியாவில் நெடுங்காலமாக வழங்கும் முறையில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவை மின்முனைகளையும் கறுப்பு நடுநிலைக் கம்பியையும் குறிக்கும். ஐரோப்பாவில் இருந்து வரும் எந்திரங்களிலோ நீலம் நடுநிலைக் கம்பி. கறுப்பு ஒரு மின்முனை. அதேபோல், சோதனைத் திருகுளி (டெசுட்டர்) ஒளிராவிட்டால் மின்சாரம் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. அதன் விளக்கே பழுதாகியிருக்கலாம்.

சட்ட நிலை

இந்தியாவில் 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளும், பின்னர் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும், மின்நிறுவல் பணிகளை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரும் தகுதிச் சான்று பெற்றோரும் செய்ய வேண்டும் என வகுத்தன. நிறுவலின் திறனையோ தன்மையையோ மாற்றாத வகையில் விளக்கு, உருகி போன்றவற்றை மாற்றுவதற்கு மட்டும் விலக்கு இருந்தது. 2023-இல் புதிய ஒழுங்குவிதிகள் வெளியிடப்பட்டன. தகுதி பெற்றோரே மின்பணி செய்ய வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை.

அமெரிக்காவில் 1990-இல் வெளியான விதிகள் ஊழியரைத் தகுதி பெற்றோர், தகுதி பெறாதோர் எனப் பிரித்து, மின்தாக்கு இடரை எதிர்கொள்ளக்கூடிய இருசாராருக்கும் பயிற்சி அளிப்பதைக் கட்டாயமாக்கின. பிரித்தானியாவில் 1989-ஆம் ஆண்டின் பணியிட மின்சார ஒழுங்குவிதிகள் நடைமுறையில் உள்ளன.

மின்தாக்கு நேர்ந்தால்

மின்தாக்குக்கு உள்ளானவரைக் கையால் பிடித்து இழுப்பவர் தாமும் தாக்குண்டு வீழ்வார். முதலில் மின்சாரத்தை அணைத்தல் வேண்டும். அது இயலாதபோது, தாழ்ந்த மின்னழுத்தமாயின், உலர்ந்த மரக்கட்டை போன்ற மின்கடத்தாப் பொருளால் அவரை விலக்கலாம். உயர் மின்னழுத்தக் கம்பியாயின் மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தியதாக உறுதி கூறும் வரை அருகே செல்லக் கூடாது.

மூச்சு இல்லையெனில் உடனே இதய இயக்க மீட்பைத் தொடங்க வேண்டும். மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துதல் வேண்டும். பயிற்சி பெற்றவர் 30 அழுத்தங்களுக்கு 2 முறை மூச்சளிக்கலாம். தமிழ்நாட்டில் 108 என்ற எண்ணில் அவசர ஊர்தியை அழைக்கலாம். தாக்குண்டவர் எழுந்து நடந்தாலும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். தோலில் சிறு வடு இருக்க, உள்ளே தசைகள் கருகியிருக்கலாம். மின்சாரத்தால் பற்றிய தீயில் நீரை ஊற்றக் கூடாது. மின்சாரத்தை அணைத்து, கரியமிலவாயு அல்லது உலர்தூள் தீயணைப்பானைப் பயன்படுத்த வேண்டும்.

பயிற்சி முறை

விரிவுரையால் மட்டும் இப்பயிற்சி நிறைவேறாது. ஒவ்வொருவரும் தாம் வேலை செய்யும் எந்திரத்தின் பிரிப்பான் எங்குள்ளது என்பதை நேரில் கண்டு, தம் கையால் அணைத்து, பூட்டிப் பழக வேண்டும். தமிழ்நாட்டுத் தொழிலகங்களில் வட மாநிலங்களில் இருந்து வந்தோரும் பெருமளவில் பணியாற்றுவதால், அவரவர் அறிந்த மொழியில் விளக்குவதும் இன்றியமையாதது. ஒப்பந்தத் தொழிலாளரையும் புதிதாகச் சேர்ந்தோரையும் விட்டுவிடலாகாது.

பயிற்சியின் பயன் மேற்பார்வையாளரையும் பொறுத்தது. "எந்திரம் கூச்சம் தருகிறது" என்று அறிவித்த தொழிலாளியிடம் உற்பத்தி நின்றதற்குக் காரணம் கேட்கப்படுமாயின், அடுத்த முறை அவர் அறிவிக்க மாட்டார். அறிவிப்பவரைக் கடிந்துகொள்ளாமல் எந்திரத்தை நிறுத்தும் இடத்திலேயே இப்பயிற்சி பொருளுள்ளதாகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

- மின்தாக்கு
- ஓமின் விதி
- உருகி
- புவித்தொடுப்பு
- முதலுதவி