தானாக ஒலித்த ஹாரன்

சைக்கிள் மணி ஏன் கைப்பிடியின் அருகிலேயே இருக்கிறது? அது இருக்கைக்குக் கீழே இருந்தால், அடிப்பதற்காக ஒரு கையை எடுக்க வேண்டும். கையை எடுத்தால் வண்டி தடுமாறும். ஆகவேதான் கட்டைவிரல் எட்டும் இடத்தில் அதை வைத்திருக்கிறார்கள்.

1991-இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, நமது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். நம் தாய்மாரிலும் பாட்டிமாரிலும் சிலர் அன்று கற்றவர்களே. சைக்கிள் பழகும் எவருக்கும் முதல் பாடம் ஒன்றுதான்: கையை எடுக்காதே, கண்ணை எடுக்காதே! காரின் ஸ்டியரிங் வளையத்தில் பொத்தான்கள் வைப்பதற்கும் இந்தப் பாடமே காரணம்.

இதைப்பற்றி எங்களைச் சிந்திக்க வைத்தது ஒரு வேடிக்கையான நிகழ்ச்சி. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அண்ணன், தம் காரை ராலிப் பந்தயக் கார் போல மாற்ற விரும்பினார். காரோடு வந்த ஸ்டியரிங்கைக் கழற்றிவிட்டு, சிறிய பந்தய ஸ்டியரிங் ஒன்றை மாட்டி, அதில் நான்கு பொத்தான்களையும் வைத்தார். மறுநாள் தங்கையை அழைத்துப்போக வந்தவர், பள்ளி வாயிலில் இடப்பக்கம் திருப்பியதும் ஹாரன் தானாக அலறியது. நேராக்கினால் நின்றது, திருப்பினால் மீண்டும் அலறியது. அருட்சகோதரியர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தனர். நாங்கள் சிரித்தோம். ஆனால் 'ஏன் இடப்பக்கம் மட்டும்?' என்ற கேள்வி எங்களை விடவில்லை. அன்று மாலையே அண்ணனோடு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைக்குச் சென்றோம்.

"பாப்பா, ஸ்டியரிங் சுத்தும், வண்டி பாடி சுத்தாது. ரெண்டுக்கும் நடுவுல போற வயருக்குத்தான் எல்லாக் கஷ்டமும்" என்று தொடங்கினார் அவர். அவர் சொன்னதையும், பிறகு நாங்கள் படித்ததையும் இங்கே தருகிறோம்.

முதலில் ஹாரனின் மின்சுற்றைப் பார்ப்போம். ஹாரன் ஒலிக்கச் சில ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். அவ்வளவையும் சிறு பொத்தான் வழியே அனுப்பினால் பொத்தான் கருகிவிடும். ஆகவே இடையில் ரிலே என்ற மின்காந்தச் சாவியை வைக்கிறார்கள். ரிலேயின் கம்பிச்சுருளின் மின்தடை 80 ஓம் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட் பாட்டரியில் 12-ஐ 80-ஆல் வகுக்க 0.15 ஆம்பியர்தான் வரும். இந்தச் சிறு மின்னோட்டம் காந்தத்தை இயக்க, காந்தம் பெரிய மின்னோட்டத்தை ஹாரனுக்குத் திறந்துவிடுகிறது. சிற்றெறும்பு தட்ட யானை எழுந்ததுபோல!

பாட்டரியின் எதிர்முனை காரின் இரும்பு உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். ரிலேயிலிருந்து பொத்தானுக்கு ஒரே ஒரு வயர் வரும். பொத்தானை அமுக்கினால் அந்த வயர் உடலைத் தொட்டுச் சுற்று முழுமையாகும். இப்போது புரிகிறதல்லவா? அண்ணன் வயரை இறுக்கமாக விட்டிருந்தார். இடப்பக்கம் திருப்பும்போது அது இழுபட்டு, இரும்பில் உரசி, மேலுறை தேய்ந்து, செம்பு வெளியே வந்துவிட்டது. செம்பு இரும்பைத் தொட்டபோதெல்லாம், யாரோ பொத்தானை அமுக்கியதாகவே ரிலே எண்ணிக்கொண்டது. ரிலேக்குப் பின்னால் உரசியதால் ஹாரன் அலறியதோடு போயிற்று. பாட்டரியிலிருந்து நேராக வரும் வயர் அப்படி உரசியிருந்தால் ஃபியூஸ் எரிந்திருக்கும். ஃபியூஸ் போடாத வயராயின் காரே தீப்பற்றும்.

அப்படியானால் சுழலும் வளையத்துக்கு மின்சாரத்தை எப்படிக் கொண்டுபோவது? மூன்று வழிகள் உண்டு.

பழைய கார்களில் ஸ்டியரிங்கின் அடியில் ஒரு பித்தளை வளையம் இருக்கும். அதன்மேல் ஒரு தொடுமுனை, ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் உரசிக்கொண்டேயிருக்கும். எத்தனை முறை சுழற்றினாலும் தொடர்பு அறாது. ஆனால் தூசும் துருவும் படிந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும்.

இக்காலக் கார்களில் இருப்பது சுருள் நாடா. நம் தலைப்பின்னலில் கட்டும் ரிப்பனைத் தளர்வாகச் சுருட்டி ஒரு டப்பிக்குள் வைத்து, உள்முனையை மட்டும் சுழற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் சுழற்றினால் இறுகும், மறுபக்கம் தளரும், அறாது. பல கார்களில் ஸ்டியரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஏறத்தாழ மூன்று சுற்றுச் சுற்றும். ஆகவே நாடாவைச் சரியாக நடுநிலையில் வைத்துப் பொருத்த வேண்டும். நடு தவறினால், வண்டியை முழுவதும் திருப்பும் ஒரு நாளில் நாடா அறுந்துவிடும்.

மூன்றாவது, பந்தயக் கார்களில் காணப்படும் வழி. பழைய தொலைபேசியில் இருந்ததே, அதுபோன்ற சுருள் கம்பி. ஓட்டுநர் விரைவில் வெளியேறுவதற்காக ஸ்டியரிங்கைக் கழற்றி எடுக்கும்போது, இந்தக் கம்பியின் செருகியும் உடன் கழன்றுவிடும்.

பொத்தான்கள் பலவாக இருந்தாலும் வயர்கள் பல வேண்டியதில்லை. 5 வோல்ட்டை 1000 ஓம் மின்தடை வழியாக ஒரு வயருக்குக் கொடுத்து, ஒவ்வொரு பொத்தானுக்குப் பின்னாலும் வெவ்வேறு மின்தடையை வைத்தால் போதும். 250 ஓம் உள்ள பொத்தானை அமுக்கினால் வயரில் 1 வோல்ட் இருக்கும். 1000 ஓம் என்றால் 2.5 வோல்ட், 4000 ஓம் என்றால் 4 வோல்ட். எதையும் அமுக்காவிட்டால் 5 வோல்ட். வோல்ட்டை அளந்தே எந்தப் பொத்தான் என்று கருவி அறிந்துகொள்கிறது. நாம் இயற்பியல் வகுப்பில் படிக்கும் ஓம் விதிதான் இது! தொடர்பில் துரு ஏறினால் மின்தடை கூடும்; அப்போது கருவி ஒரு பொத்தானை வேறொன்றாக எண்ணிவிடும்.

பந்தயக் கார்கள் நம் மாநிலத்துக்குப் புதியவை அல்ல. 1953-இல் தொடங்கப்பெற்ற மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்திலும், பின்னர் 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயங்களை நடத்திவந்தது. கோயம்புத்தூரின் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். ராலி என்பது வட்டப் பாதையில் ஓடுவதன்று; மண் சாலைகளில் நேரத்தோடு போட்டியிடுவது. அருகில் அமர்ந்திருக்கும் துணை ஓட்டுநர் அடுத்த வளைவைப் படித்துச் சொல்லிக்கொண்டே வருவார். சேற்றுநீர் கண்ணாடியில் தெறிக்கும் நொடியில் வைப்பர் சாவியைத் தேட நேரமில்லை. ஆகவே பொத்தான் விரலடியில் இருக்க வேண்டியதாயிற்று.

அண்ணன் இதையெல்லாம் பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது எலக்ட்ரீஷியன், மீட்டர் பலகையில் அணையாமல் எரிந்த ஒரு சிவப்பு விளக்கைக் காட்டி, "தம்பி, பழைய ஸ்டியரிங் எங்கே?" என்று கேட்டார்.

"வீட்டுப் பரணில் கிடக்கிறது."

"அதுக்குள்ள உங்க உயிரைக் காக்குற பை இருக்கு. அதையும் சேர்த்துல்ல பரண்ல போட்டிருக்கீங்க!"

நாங்கள் திடுக்கிட்டோம். காற்றுப்பை ஸ்டியரிங்கின் நடுவே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மோதல் நேர்ந்தால், ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்குக்குள் அது விரிந்து ஓட்டுநரின் தலையையும் மார்பையும் தாங்கும். 2019 சூலை முதல் நம் நாட்டில் புதிய கார்களுக்கு ஓட்டுநர் காற்றுப்பை கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு மின்சாரம் செல்வதும் அதே சுருள் நாடா வழியேதான். அதன் வயர்களும் செருகிகளும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றைச் சோதனை விளக்காலோ மீட்டராலோ தொடவே கூடாது. சிறு மின்னோட்டமும் பையை வெடித்து விரியச் செய்யலாம். பயிற்சி பெற்றவர்கள்கூட பாட்டரியின் இணைப்பைக் கழற்றி, சில நிமிடம் காத்திருந்த பிறகே அதனருகில் கை வைப்பார்கள்.

ராலி ஓட்டுநருக்குக் காற்றுப்பை இல்லையே என்று கேட்கலாம். அவரைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூண்டு இருக்கிறது. தோளையும் இடுப்பையும் பிணைக்கும் பட்டைகள் இருக்கின்றன. தலையில் கவசம் இருக்கிறது. நாம் சாலையில் செல்லும் காரில் இவை உண்டா? பந்தயக்காரரின் ஸ்டியரிங்கை மட்டும் எடுத்துக்கொண்டு அவருடைய காப்புகளை விட்டுவிடுவது, மீன்பிடிப்பவரின் வலையை எடுத்துக்கொண்டு படகைக் கரையில் விட்டுச் செல்வதற்கு ஒப்பாகும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது.

அண்ணன் அந்த வாரமே பழைய ஸ்டியரிங்கை மாட்டச் செய்தார். நாடா நடுநிலையில் பொருத்தப்பட்டது. சிவப்பு விளக்கு அணைந்தது. இப்போது அவர் அமுக்கினால் மட்டுமே ஹாரன் ஒலிக்கிறது!

தோழியரே! சைக்கிளின் கைப்பிடியைப் பற்றிய நம் மாவட்டத்துப் பெண்கள் இன்று ஸ்கூட்டரையும் காரையும் ஓட்டுகிறார்கள். 1993-இல் வசந்தகுமாரி அம்மையார் தமிழக அரசுப் பேருந்தையே ஓட்டத் தொடங்கிவிட்டார். நாளை நாமும் ஸ்டியரிங்கைப் பிடிப்போம். அப்போது வண்டியை ஓட்ட மட்டும் தெரிந்தால் போதாது; அதற்குள் என்ன இருக்கிறது, எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நம் வீட்டு வண்டிகளின் கண்ணாடியில் செபமாலை தொங்குகிறது; பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோப்பரை நாம் வேண்டிக்கொள்கிறோம். வேண்டிக்கொள்ளும் அதே கைகள், வயரையும் ஃபியூஸையும் சரிபார்க்கவும் பழக வேண்டும். உயிர் இறைவன் தந்த கொடை அன்றோ!