கிராஃப் நேர்கோடா வந்துடுச்சா? கொஞ்சம் பொறுங்க!

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? மெத்தில் அசிடேட்டை அமிலத்துல கலந்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை டைட்ரேட் பண்ணினோமே, அந்த எக்ஸ்பெரிமென்ட். கடைசியில எல்லாரும் எழுதின வரி ஒண்ணுதான்: "இது ஃபர்ஸ்ட் ஆர்டர், அதாவது முதல் வகை வினை."

இப்போ ஃபைனல் இயர்ல பழைய ரெக்கார்டைப் புரட்டும்போதுதான் உறைச்சது. அதை நான் நிரூபிக்கவே இல்லை!

முதல்ல செய்முறையைப் பார்த்துடலாம். 5 மிலி எஸ்டரை 100 மிலி 0.5 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊற்றுகிறோம். எஸ்டர் தண்ணீரோடு வினைபுரிந்து உடைய உடைய, அசிட்டிக் அமிலம் உருவாகும். அவ்வப்போது 5 மிலி எடுத்து ஐஸ் தண்ணீரில் விடுகிறோம். குளிர்ச்சியும் நீர்ப்பும் சேர்ந்து வினையைக் கிட்டத்தட்ட நிறுத்தி வைக்கும். ஐஸ் இல்லைன்னா, நீங்க டைட்ரேட் பண்ற நேரத்திலும் வினை ஓடிக்கிட்டே இருக்கும். அப்புறம் 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு டைட்ரேஷன். வினை முழுசா முடிஞ்ச பிறகு மறுநாள் எடுக்கும் ரீடிங்தான் 'வி இன்ஃபினிட்டி'. அதிலிருந்து ஒவ்வொரு ரீடிங்கையும் கழித்தால், மிச்சமுள்ள எஸ்டரின் அளவு கிடைக்கும்.

இப்போ ஒரு மாதிரிக் கணக்கு. ஆரம்ப ரீடிங் 25 மிலி, இறுதி ரீடிங் 54 மிலி என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 29. ஒரு மணி நேரத்தில் அது 24 ஆகிறது. அறை வெப்பநிலையில் இந்த வினை ஏறக்குறைய இந்த வேகத்தில்தான் நடக்கும்.

ஆர்டரைக் கண்டுபிடிக்க மூணு கிராஃப் போடலாம். மிச்சத்தை நேரத்துக்கு எதிராகப் போட்டு நேர்கோடு வந்தால் பூஜ்ய வகை. மிச்சத்தின் லாக் நேர்கோடு தந்தால் முதல் வகை. மிச்சத்தின் தலைகீழி தந்தால் இரண்டாம் வகை.

சரி, நடுவில் 30-வது நிமிஷத்தில் மிச்சம் எவ்வளவு இருக்கணும்? பூஜ்ய வகைன்னா 26.50. முதல் வகைன்னா 26.38. இரண்டாம் வகைன்னா 26.26. ஒன்றுக்கொன்று வித்தியாசம் 0.12 மிலிதான். நம்ம பியூரெட்டில் ஒரு கோடே 0.1 மிலி! அதாவது, ஒரு மணி நேர ரீடிங்கை வைத்து மூணு கிராஃபுமே "நேர்கோடு"ன்னு சொல்லிடலாம். ஃபர்ஸ்ட் ஆர்டர்னு புக்ல இருந்தது, நானும் எழுதிட்டேன். போதாக்குறைக்கு, வி இன்ஃபினிட்டியை சீனியர் ரெக்கார்டிலிருந்து சுட்டது வேற.

இதுல என்ன நஷ்டம்னு கேக்கறீங்களா? அதே ஒரு மணி நேர டேட்டாவை நம்பி ஒரு ரியாக்டர் டிசைன் பண்றீங்கன்னு வைங்க. 90 சதவீத எஸ்டர் உடைய எவ்வளவு நேரமாகும்? பூஜ்ய வகைன்னா சுமார் 5 மணி நேரம். முதல் வகைன்னா 12. இரண்டாம் வகைன்னா 43! டேட்டா ஒண்ணுதான், ரியாக்டர் மூணு.

தீர்வு ரொம்ப சிம்பிள்: பொறுமை. முதல் வகைப்படி இந்த வினையின் அரை வாழ்காலம் சுமார் 220 நிமிஷம். ரெண்டு அரை வாழ்காலம், அதாவது 440 நிமிஷம் வரை ரீடிங் எடுங்க. அப்போ மிச்சம் பூஜ்ய வகையில் 0, முதல் வகையில் 7.25, இரண்டாம் வகையில் 11.5. இனி பியூரெட்டே பதில் சொல்லிடும். அவ்வளவு நேரம் லேப் கிடைக்காதா? வாட்டர் பாத்தில் வெப்பநிலையைக் கூட்டி, மாறாமல் வைத்துக்கொண்டால் அதே கதை சீக்கிரம் முடியும்.

இன்னொரு விஷயம். உண்மையிலேயே முதல் வகை நேர்கோடு வந்தாலும், அது எஸ்டரின் ஆர்டர் மட்டும்தான். லிட்டருக்கு 0.6 மோல் எஸ்டருக்கு எதிரே 50 மோலுக்கு மேல் தண்ணீர் இருக்கு. வினை நடந்தாலும் தண்ணீர் குறைந்ததே தெரியாது. அதனால்தான் இதுக்கு 'போலி முதல் வகை'ன்னு பேர். அமிலமும் வினையூக்கி, அதுவும் செலவாகாது. அதன் ஆர்டரைப் பார்க்கணும்னா, 1 நார்மல் அமிலத்தில் திரும்பச் செய்யணும். வேக மாறிலி இரண்டு மடங்கானால், அமிலத்தைப் பொறுத்தும் ஆர்டர் ஒன்று.

ஜூனியர்ஸ், அடுத்த தடவை வைவாவில் "எப்படி ஃபர்ஸ்ட் ஆர்டர்னு சொல்ற?"ன்னு கேட்டா, "கிராஃப் நேர்கோடா வந்துச்சு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. எவ்வளவு தூரம் வரை நேர்கோடா வந்துச்சுன்னும் சேர்த்துச் சொல்லுங்க. வி இன்ஃபினிட்டியையாவது மறுநாள் போய் நீங்களே எடுங்க!