மார்னெயுலி: மூன்று நாடுகள் சந்திக்கும் ஒரு சமவெளி

தேசப்படத்தில் ஒரு நாட்டைக் காட்டச் சொன்னால் நாம் தலைநகரைத் தொட்டுக் காட்டிவிட்டு அமர்ந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கள் ஊர் அக்கா ஒருவர் ஜார்ஜியாவின் தலைநகரான திபிலீசியில் மருத்துவம் படிக்கிறார். சென்ற விடுமுறையில் வந்தபோது அவர் சொன்னார்: "நாங்கள் அங்கே வாங்குகிற உருளைக்கிழங்கும் தக்காளியும் பெரும்பாலும் மார்னெயுலியிலிருந்து வருகின்றன. ஆனால் விற்கிறவர்கள் தமக்குள் பேசுவது ஜார்ஜிய மொழி அல்ல." புவியியல் மாணவனாகிய எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் மனத்தில் தைத்துவிட்டது. வகுப்புக் கருத்தரங்கிற்கு அதையே பொருளாக எடுத்துக்கொண்டேன். அன்று நான் அறிந்தவற்றை நம் கல்லூரி நண்பர்களுடன் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நிலமும் நீரும்

திபிலீசிக்குத் தெற்கே, ஜார்ஜியாவின் கீழ் கார்ட்லி மாநிலத்தில் உள்ளது மார்னெயுலி வட்டம். பரப்பு சுமார் 935 சதுர கிலோமீட்டர். தெற்கே ஆர்மீனியா, தென்கிழக்கே அஜர்பைஜான். ஒரே வட்டம் இரு அயல்நாடுகளைத் தொட்டு நிற்கிறது.

தெற்கு எல்லையில் மலைகள். மற்றவை பெரும்பாலும் சமவெளி. மழை குறைவு. மழையை மட்டும் நம்பினால் இது புல்வெளியாகவே நின்றிருக்கும். அதை வயலாக்கியவை ஆறுகள். அல்கெத்தி, கிராமி ஆகிய ஆறுகள் மேற்கு மலைகளிலிருந்து இறங்குகின்றன. ஆர்மீனியாவிலிருந்து வரும் தெபெத் ஆறு கிராமியில் கலக்கிறது. இவை யாவும் முடிவில் குரா ஆற்றைச் சேர்ந்து காஸ்பியன் கடலுக்குப் போகின்றன. வாய்க்கால் பாசனமும் அருகிலேயே ஒரு தலைநகரச் சந்தையும் சேர்ந்ததால் இது காய்கறி நிலமாயிற்று.

இந்த மண்ணின் பழமையும் வியப்பூட்டுவது. இவ்வட்டத்திலுள்ள ஷுலாவெரி மேட்டில் கி.மு. ஆறாம் ஆயிரத்தாண்டு மக்கள் வட்டமான மண்செங்கல் வீடுகளில் வாழ்ந்தனர். அங்கும் அருகிலுள்ள கதாச்ரிலி மேட்டிலும் கிடைத்த மட்பாண்டத் துண்டுகளில் திராட்சை மதுவின் படிவு இருந்ததை 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முந்திய சான்று அது!

மக்கள் யார்?

2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இவ்வட்டத்தின் மக்கள்தொகை 104,300. அவர்களில் 83.8 விழுக்காட்டினர் அஜர்பைஜானியர். மீதிப் பேரில் பெரும்பாலோர் ஜார்ஜியரும் ஆர்மீனியரும். மார்னெயுலி நகரில் வாழ்ந்தவர் 20,211 பேர் மட்டுமே. நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் கிராமவாசிகள். ஜார்ஜியா முழுவதிலும் அந்த ஆண்டு எண்ணப்பட்ட அஜர்பைஜானியர் 233,024 பேர். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் இந்த ஒரே வட்டத்தில் இருந்தனர்.

இவர்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். சபவிப் பேரரசின் காலத்தில், 16, 17ஆம் நூற்றாண்டுகளில், துருக்கிய மொழி பேசும் போர்ச்சாலு குலத்தார் இங்கே குடியேறினர். அவர்கள் பெயராலேயே நாடு போர்ச்சாலோ எனப்பட்டது. 1947இல்தான் மார்னெயுலி என்ற பெயர் வந்தது. கையில் சாஸ் என்னும் நரம்பிசைக் கருவியோடு கதை பாடும் ஆஷிக் கலைஞர் மரபுக்குப் போர்ச்சாலோ இன்றும் பேர்பெற்றது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

2002இல் இங்கே 118,221 பேர். 2014இல் 104,300. பன்னிரண்டு ஆண்டுகளில் சுமார் 14,000 பேர் குறைந்தனர் என்று கருத்தரங்கில் நான் வேகமாகச் சொன்னேன். எங்கள் விரிவுரையாளர் இடைமறித்தார். "முதல் எண் சரிதானா என்று பார்த்தாயா?" என்றார். பார்த்தேன். வெளிநாடு சென்றுவிட்ட பலரையும் சேர்த்து எண்ணியதால் 2002ஆம் ஆண்டுக் கணக்கு நாடு முழுவதற்குமே மிகையானது என்று மக்கள்தொகையியலார் பின்னர் கண்டிருக்கிறார்கள். ஆக, அந்த 14,000 பேரில் ஒரு பகுதியினர் 2002க்கு முன்பே போனவர்கள். வெளியேற்றம் உண்மை, அதன் வேகத்தைத்தான் நான் தவறாகச் சொல்லிவிட்டேன். இரண்டு எண்களைக் கழிப்பது எளிது. அவை எப்படிப் பிறந்தன என்று கேட்பதே புவியியல் என்பதை அன்று உணர்ந்தேன்.

எல்லையும் மொழியும்

எல்லை பிரிக்கும் என்போம். இங்கே அது சேர்த்தும் வைத்தது. 1990களில் கராபாக் போரால் ஆர்மீனியாவுக்கும் அஜர்பைஜானுக்கும் இடையே பாதை அடைபட்டது. அப்போது இவ்வட்டத்தின் எல்லையோரக் கிராமமான சதாக்லோவில், ஜார்ஜிய மண்ணில், இரு நாட்டாரும் சந்தை கூடி விற்றனர், வாங்கினர். 2000களின் நடுவில் அச்சந்தை மூடப்பட்டது. போர்க்களத்தில் பகைவர், சந்தையில் வாடிக்கையாளர்!

உண்மையான தடைச்சுவர் மொழிதான். சோவியத் காலத்தில் இங்கே பிள்ளைகள் அஜர்பைஜானிப் பள்ளியில் படித்தனர். வெளியாரோடு பேச ரஷ்ய மொழி உதவியது. 1991இல் ஜார்ஜியா விடுதலை பெற்றபின் அலுவலகமும் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ஜார்ஜிய மொழிக்கு மாறின. அதைக் கல்லாத கிராமத்து இளைஞனுக்குத் தலைநகரம் ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்தும் எட்டாத தொலைவாயிற்று. பலர் அஜர்பைஜானுக்கும் ரஷ்யாவுக்கும் சென்றனர்.

2010இல் ஒரு வழி திறந்தது. சிறுபான்மை மாணவர் தம் தாய்மொழியில் நுழைவுத்தேர்வு எழுதலாம். தேறினால் ஓராண்டு ஜார்ஜிய மொழி கற்று, பின் நான்காண்டுப் பட்டப்படிப்பில் சேரலாம். 'ஒன்றும் நான்கும்' என்று இத்திட்டத்தை அழைக்கிறார்கள். தாய்மொழியை வாசலில் கழற்றி வைக்கச் சொல்லாமல், இன்னொரு மொழியைக் கையில் கொடுத்து உள்ளே அழைக்கும் ஏற்பாடு இது.

இதைப் படித்தபோது என் முதல் ஆண்டு நினைவுக்கு வந்தது. தமிழ்வழியில் பன்னிரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூலின் முன் விழித்து உட்கார்ந்த நாட்கள் அவை. நம்மில் பலருக்கும் அந்த நாட்கள் தெரியும். எனக்கும் அந்த ஓராண்டு கிடைத்திருந்தால் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

தேசப்படத்தில் மார்னெயுலி ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குள் மூன்று ஆறுகளும் மூன்று மொழிகளும் ஒரு லட்சம் மக்களும் இருக்கிறார்கள். நண்பர்களே, அடுத்த முறை படத்தை விரிக்கும்போது தலைநகரிலேயே விரலை நிறுத்திவிடாதீர்கள். சற்றுத் தெற்கே நகர்த்துங்கள்.