சேறு இருந்தாலும் நடுவிலேயே நடங்க! மலைப்பாதை காக்கும் தன்னார்வலர்கள் சொல்லும் பாடம்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து பனி இறங்கும் நேரம். திருப்பரங்குன்றம், கீழக்குயில்குடி சமணர் மலை, நாகமலை என அதிகாலையில் நடக்கக் கிளம்ப ஏற்ற காலம். மேலே பாறைதான். ஆனால், அடிவாரத்து மண்பாதையில் செருப்பு புதையும் அளவுக்குச் சேறு. நாம் என்ன செய்வோம்? ஒதுங்கி, ஓரத்துப் புல்லில் கால் வைப்போம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒற்றையடிப் பாதை அகலமாகும் கதை

ஓரத்தில் பத்துப் பேர் நடந்தால் புல் மிதிபடும். நூறு பேர் நடந்தால் வேர் செத்துவிடும். பிடிமானம் போன மண்ணும் அடுத்த மழையில் சேறாகும். பிறகு வருபவர்கள் இன்னும் தள்ளி நடப்பார்கள். இப்படியே பாதை அகலமாக, செடிகள் முளைக்கும் இடம் சுருங்கும்.

மண்வெட்டியோடு வரும் தன்னார்வலர்கள்

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதை 14 மாநிலங்களைக் கடந்து சுமார் 3,500 கி.மீ நீள்கிறது. 1937-ல் முழுமையடைந்த இந்தப் பாதையை இன்றும் பெருமளவு பராமரிப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்தான். ஆளுக்கு ஒரு பகுதி எனப் பிரித்துக்கொண்டு பார்த்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் 1959-ல் பாக்ஸ் ஹில் குன்றில் புதர் வெட்ட 42 பேர் திரண்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'டி.சி.வி' அமைப்பு. அங்கே குளிர்காலத்தில் காட்டுப்பாதைகள் சேறாகிக் கிடக்கும். அந்தக் குளிரிலும் வேலை நடக்கிறது.

என்ன செய்கிறார்கள்?

* பள்ளத்தில் மண்ணைக் கொட்டுவதற்கு முன், தண்ணீருக்கு வழிவிடுகிறார்கள். பாதையைச் சரிவுப் பக்கம் லேசாகச் சாய்த்தால் மழைநீர் தேங்காது.
* செங்குத்தான இடத்தில், பாதையின் குறுக்கே கல்லையோ மரக்கட்டையையோ சாய்வாகப் பதிக்கிறார்கள். ஓடிவரும் தண்ணீர் அதில் முட்டி வெளியே திரும்பிவிடும்.
* வடிகாலில் அடைத்த இலைச் சருகை அள்ளுகிறார்கள். இதைச் செய்யாவிட்டால் மற்ற வேலையெல்லாம் வீண்.
* எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் நடைகற்களோ மரப்பலகையோ போடுகிறார்கள்.

நமக்குப் புதிதல்ல

கண்மாய்க் கரையையும் வரத்துக் கால்வாயையும் ஊரே கூடிச் சீர்செய்த குடிமராமத்து நம்முடையது. தண்ணீர் போகும் திசையைப் பார்த்து மண்வெட்டி பிடிக்கும் அதே அறிவுதான் இதற்கும் தேவை. மலைகளைத் தேடிப்போகும் ஆட்களும் மதுரையில் இருக்கிறார்கள். எழுத்தாளர் அ.முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய 'பசுமை நடை' 2010 முதல் மதுரையின் குன்றுகளுக்கு மக்களை அழைத்துப்போகிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. நம் குன்றுகள் பலவற்றில் சமணப் படுக்கைகளும் கல்வெட்டுகளும் உள்ளன. தொல்லியல் துறை, வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே கல்லை நகர்த்துவதோ மண்ணை வெட்டுவதோ கூடாது.

அனுமதி எதுவும் தேவைப்படாத வேலை ஒன்று உண்டு. அடுத்தமுறை போகும்போது பழைய செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் பின் ஒருவராகப் பாதையின் நடுவிலேயே நடங்கள். சேறு வீட்டுக்கு வந்தால் கழுவிக்கொள்ளலாம்; ஓரத்துச் செடி பிழைத்துக்கொள்ளும்.