பிக்கப் வண்டியின் புகை உணர்கருவிகள்: அவற்றை அறிதலும் பேணுதலும்

ஐதராபாத் நகரின் கீழ்த்திசையில், வாரங்கல் நெடுஞ்சாலை நகரை விட்டு நீங்கும் இடத்தில் அமைந்துள்ளது உப்பல். அங்கே தொழிற்பேட்டையும் உண்டு. அறிவியல் நிலையங்களும் உண்டு. 1961ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசியப் புவிபௌதிக ஆராய்ச்சி நிலையம் உப்பல் சாலையில் உள்ளது. இந்திய நில அளவைத் துறையின் பயிற்சி நிறுவனமும் உப்பலிலேயே இயங்குகின்றது. தொழிற்பேட்டையின் சரக்காயினும், ஊர்ப்புறத்துக் காய்கறியாயினும், களப்பணிக்குரிய கருவிப் பெட்டியாயினும், அவற்றைச் சுமந்து செல்வது பெரும்பாலும் டீசலில் ஓடும் பிக்கப் வண்டியே.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி முதல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த இத்தகைய வண்டிகளின் புகைக்குழாயில், முன்னாளைய வண்டிகளில் காணாத சில சிறு கருவிகள் பொருத்தப்பெற்றுள்ளன. பட்டறைகளில் இவற்றைச் ‘சென்சார்’ என்று வழங்குவர். இக்கட்டுரையில் உணர்கருவி என்போம். இக்கருவிகள் குறை கண்டால் ஓட்டுநரின் கண்முன் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். விளக்கு எரிந்ததும் ‘சென்சார் கெட்டுவிட்டது’ என்று முடிவு கட்டி, அதனைக் கழற்றி எறிவதோ, அதன் இணைப்பைத் துண்டிப்பதோ பலரது வழக்கமாகிவிட்டது. குற்றத்தைக் கண்டு கூறிய சாட்சியையே குற்றவாளியாக்குவதை ஒக்கும் இவ்வழக்கம். சாட்சியின் சொல்லை ஆராய்ந்து உண்மை காணும் முறையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கருவிகள் ஏன் வேண்டும்?

டீசல் புகையில் நமக்குத் தீங்கு பயப்பன முக்கியமாக இரண்டு. ஒன்று, புகைக்கரி எனப்படும் நுண்துகள். தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், இத்துகள்களில் மிகப் பல ஒரு மைக்ரானுக்கும் குறைந்தவை. ஆதலின் அவை நுரையீரலின் ஆழம் வரை சென்று தங்குகின்றன. மற்றொன்று, எஞ்சினின் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடுவதால் உண்டாகும் நைட்ரஜன் ஆக்ஸைடுகள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. சாலையோரப் பள்ளியில் பயிலும் சிறுவனும், நாள் முழுதும் வண்டியிலேயே இருக்கும் ஓட்டுநரும் இப்புகையையே சுவாசிக்கின்றனர்.

இதனைக் கருதியே அரசாங்கம் புகையின் வரம்பைப் படிப்படியாகக் குறைத்து வந்துள்ளது. 3.5 டன்னுக்கு உட்பட்ட டீசல் சரக்கு வண்டிகளுள் கனமான வகுப்பிற்குப் பாரத் நான்காம் நிலையில் கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராம் நுண்துகள் அனுமதிக்கப்பட்டிருந்தது. ஆறாம் நிலையில் அது 4.5 மில்லிகிராம் ஆயிற்று. நைட்ரஜன் ஆக்ஸைடுகளின் வரம்பு 390 மில்லிகிராமிலிருந்து 125 மில்லிகிராமாகக் குறைந்தது. எரிபொருளும் உடன் மாற வேண்டியதாயிற்று: டீசலில் உள்ள கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது.

எஞ்சினை மட்டும் திருத்தி இவ்வரம்பை எய்துதல் அரிது. ஆகவே புகைக்குழாயில் பீங்கானாலான கரித்தூள் வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்ஸைடுகளைச் சிதைக்கும் வினையூக்கியும் அமைக்கலாயினர். இவை ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று ஓயாது கண்காணிப்பவையே உணர்கருவிகள்.

நால்வகைக் கருவிகள்

முதலாவது, வெப்ப உணர்கருவி. இதனுள் பிளாட்டினத்தாலான மெல்லிய தடை உள்ளது. பெரும்பாலான கருவிகளில் இத்தடை பூஜ்யம் டிகிரியில் 200 ஓம் ஆகும். வெப்பம் ஏற ஏறத் தடையும் ஏறும். அவ்வேற்றத்தைக் கொண்டு வண்டியின் கணிப்பொறி புகையின் வெப்பநிலையை அறிகின்றது.

இரண்டாவது, அழுத்த வேறுபாட்டு உணர்கருவி. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இரண்டு சிறு குழாய்கள் கிளைத்து இக்கருவியைச் சேரும். வடிகட்டியில் கரி மிகுந்தால் புகை தடைப்பட்டு, முன்புற அழுத்தம் பின்புறத்தைவிட உயரும். அவ்வேறுபாடே கரியின் அளவுக்கு அறிகுறி.

மூன்றாவது, பிராணவாயு உணர்கருவி. இதன் உயிர்நாடி ஜிர்கோனியா என்னும் பீங்கான். நன்கு சூடேறிய நிலையில் இப்பீங்கான் பிராணவாயுவின் அயனிகளைத் தன்னூடே செல்ல விடும். ஒருபுறம் வெளிக்காற்றும் மறுபுறம் புகையும் இருக்குமாயின், இரண்டிலும் உள்ள பிராணவாயுவின் வேறுபாட்டிற்கு ஏற்ப ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும். இதன் கணக்கை ஜெர்மானிய அறிஞர் வால்தர் நெர்ன்ஸ்ட் 1889ஆம் ஆண்டிலேயே வகுத்துவிட்டார். மோட்டார் வண்டியில் இது முதன்முதல் இடம்பெற்றது 1976ஆம் ஆண்டில்.

நான்காவது, நைட்ரஜன் ஆக்ஸைடு உணர்கருவி. இதுவும் ஜிர்கோனியாவாலானதே; உள்ளேயுள்ள சூடேற்றி இதனை ஏறத்தாழ 800 டிகிரி செல்ஷியஸ் வெப்பநிலையில் வைத்திருக்கும். இக்கருவியும் கம்பியின் மறுமுனையிலுள்ள சிறு பெட்டியும் ஒன்றாக அளவீடு செய்யப்பெற்றவை. கம்பியை வெட்டி ஒன்றை மட்டும் மாற்றுதல் ஆகாது.

நகரச் சாலையும் வடிகட்டியும்

வடிகட்டியில் சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துப் போக்க வேண்டும். இதற்கு ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் தேவை. உரிய காலம் வந்ததும் கணிப்பொறி சிறிது டீசலை மிகையாகத் தெளிக்கச் செய்து இவ்வெப்பத்தை உண்டாக்கும். வண்டி தடையின்றிச் சில நிமிடங்கள் ஓடினால்தான் இவ்வேலை முற்றுப்பெறும்.

உப்பலில் ஓடும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். காலையில் தொழிற்பேட்டையில் சரக்கேற்றி, நான்கு கிலோமீட்டர் சென்று நிறுத்தி, மீண்டும் மூன்று கிலோமீட்டர் சென்று நிறுத்துகின்றது. உப்பலிலிருந்து நாரப்பள்ளி வரை 2018ஆம் ஆண்டில் தொடங்கிய மேம்பாலப் பணி பல்லாண்டுகள் நீண்டமையால், அந்நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்து செல்ல நேர்ந்ததைப் பலரும் அறிவர். இவ்வாறு ஓடும் வண்டியில் எரிப்பு வேலை தொடங்கும், பாதியில் நிற்கும், மறுபடியும் தொடங்கும். கரியோ குறையாது. மிகையாகத் தெளித்த டீசலில் ஒரு பங்கு எஞ்சின் எண்ணெயில் கலந்து அதன் மட்டத்தை உயர்த்தும். ஒருநாள் விளக்கு எரியும். இங்கே உணர்கருவியில் பழுது ஏதுமில்லை; அது உள்ளதை உள்ளபடி கூறிற்று. வேண்டுவது புதிய கருவியன்று. தடையற்ற ஓர் ஓட்டமே. கட்கேசரைத் தாண்டிப் புவனகிரி செல்லும் திறந்த சாலையில், வண்டியின் கையேடு கூறும் வேகத்தில் 15 முதல் 20 நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் விளக்கு தானே அணைந்துவிடும்.

களப்பணியாளர் இங்கு ஓர் எச்சரிக்கையை மறத்தலாகாது. எரிப்பு நடக்கும்போதும் முடிந்த உடனேயும் புகைக்குழாய் மிகக் கடுமையாகச் சுடும். அந்நேரத்தில் காய்ந்த புல் மீதோ, வைக்கோல் மீதோ, சருகு மீதோ வண்டியை நிறுத்தினால் தீப்பற்றக்கூடும்.

சாட்சியை விசாரிக்கும் முறை

விளக்கு எரிந்தால், ஓட்டுநர் இருக்கையின் அருகே உள்ள பதினாறு துளை இணைப்பில் சோதனைக் கருவியைச் செருகிக் குறியெண்ணைப் படிக்க வேண்டும். ‘பி’ என்னும் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்டது அக்குறியெண். சான்றாக, பி 2463 என்பது வடிகட்டியில் கரி மிகுந்துள்ளது என்று பொருள்படும். பி 2452 என்பது அழுத்த உணர்கருவியின் மின்சுற்றில் கோளாறு என்று பொருள்படும். முன்னதில் சாட்சி குற்றத்தைக் கூறுகின்றது. பின்னதில் சாட்சியே நோயுற்றிருக்கின்றது. இவ்விரண்டையும் பகுத்தறியாது பொருளை மாற்றுவோர் வீண் செலவுக்கு ஆளாவர்.

சாட்சி நோயுற்றதாகத் தோன்றினாலும் உடனே புதியது வாங்க வேண்டுவதில்லை. முதலில் கண்ணால் காணத்தக்கவற்றைக் காண்க. அழுத்தக் குழாய் கழன்றுள்ளதா, வெடித்துள்ளதா, கரியால் அடைபட்டுள்ளதா? கம்பியை எலி கடித்துள்ளதா? இணைப்பில் பச்சை பூத்துள்ளதா? 2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஐதராபாத்தில் பெய்தது போன்ற பெருமழைக்குப் பின், வெள்ளத்தில் நின்ற வண்டிகளின் இணைப்புகளைத் திறந்து உலர்த்திப் பார்த்தல் இன்றியமையாதது. உணர்கருவிக்கு முன் புகைக்குழாயில் சிறு விரிசல் இருப்பினும் வெளிக்காற்று புகுந்து, பிராணவாயு மிகுதியாக உள்ளதாகக் கருவி கூறும். நைட்ரஜன் ஆக்ஸைடு கருவி அம்மோனியாவையும் நைட்ரஜன் ஆக்ஸைடாகவே எண்ணிவிடும். ஆதலின் யூரியாக் கரைசல் அளவுக்கு மீறித் தெளிக்கப்பட்டாலும் அதன் அளவு உயர்ந்தே தோன்றும்.

பேணும் முறைகள்

டீசலை நம்பத்தகுந்த நிலையத்திலேயே நிரப்புக. மண்ணெண்ணெய் கலந்த டீசலின் கந்தகம் வினையூக்கியைக் கெடுக்கும். எஞ்சின் எண்ணெய், கையேடு குறிப்பிடும் சாம்பல் குறைந்த வகையாக இருத்தல் வேண்டும்; கரி எரிந்து போகும், எண்ணெயின் சாம்பலோ எரியாது வடிகட்டியிலேயே தங்கிவிடும். அளவுகோலை வாரந்தோறும் பார்க்க. எண்ணெய் குறைவது போலவே கூடுவதும் கேடே.

யூரியாக் கரைசல் பயன்படும் வண்டிகளில் நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா உள்ள தூய கரைசலையே ஊற்றுக. வயலுக்கு இடும் யூரியாவை நீரில் கரைத்து ஊற்றுதல் பெருந்தவறு. உள்நாட்டில் உற்பத்தியாகும் உர யூரியா முழுவதற்கும் 2015ஆம் ஆண்டில் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டது. பயிருக்கு நன்மை செய்யும் அப்பூச்சு வினையூக்கிக்குப் பகையாகும். கரைசலை 30 டிகிரிக்குக் குறைந்த வெப்பத்தில் நிழலில் வைத்தால் ஓராண்டளவு கெடாதிருக்கும். 35 டிகிரியில் அதன் வாழ்நாள் ஆறு மாதமாகக் குறைந்துவிடும். தெலங்கானா வெயிலில் இதனை நினைவிற் கொள்க.

சூடான உணர்கருவியின் மீது நீர் பாய்ச்சுதல் கூடாது, பீங்கான் பிளந்துவிடும். கீழே விழுந்த கருவியைப் பொருத்துவதும் தகாது. புகைக்குழாயின் அருகே சிலிகோன் பசை பூசினால் அதன் ஆவி பிராணவாயு கருவியின் முனையில் படிந்து அதனைச் செயலறச் செய்யும்.

வகுப்பறைக்கு ஒரு சோதனை

ஆசிரியர்கள் அழுத்த வேறுபாட்டை எளிதில் விளக்கிக் காட்டலாம். ஒரு பிளாஸ்டிக் குழாயின் நடுவே பருத்தித் துணியைக் கட்டுக. துணிக்கு முன்னும் பின்னும் துளையிட்டு இரண்டு மெல்லிய குழாய்களைச் செருகி, வண்ண நீர் நிரம்பிய ‘ப’ வடிவக் கண்ணாடிக் குழாயின் இரு முனைகளிலும் இணைக்க. பெருங்குழாயின் ஒரு முனையிலிருந்து துருத்தியால் காற்றை ஊதினால், இரு புறத்தும் நீர்மட்டம் வேறுபடும். துணியில் சாக்குக்கட்டித் தூளைத் தேய்த்து மீண்டும் ஊதினால் வேறுபாடு மிகும். 10 சென்டிமீட்டர் வேறுபாடு ஏறத்தாழ ஒரு கிலோபாஸ்கல் ஆகும்.

இனி, முன்புறத்து மெல்லிய குழாயைக் கண்ணாடிக் குழாயிலிருந்து மட்டும் கழற்றி, அதன் வாயை விரலால் மூடிக்கொண்டு ஊதச் செய்க. துணி அடைபட்டே இருக்கின்றது. நீர்மட்டமோ வேறுபாடின்றி நிற்கின்றது. கருவி கூறும் எண்ணை நம்புமுன் கருவியின் நிலையை நோக்க வேண்டும் என்னும் பாடத்தை மாணவர் தாமே கண்டறிவர். இச்சோதனைக்கு வண்டியின் புகையை ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

ஒரு சொல்

டீசல் வண்டிகளுக்கான வழக்கமான மாசுச் சான்றிதழ்ச் சோதனை, புகையின் ஒளி மறைக்கும் தன்மையை மட்டுமே அளக்கின்றது. நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அது காண்பதில்லை. ஆகவே நைட்ரஜன் ஆக்ஸைடு உணர்கருவியைக் கழற்றிய வண்டி சான்றிதழ் பெற்றுவிடக்கூடும். ஆயினும் அது உமிழும் நஞ்சைச் சொல்வார் எவருமிலர். வரம்பு மீறிப் புகை விடும் வண்டியை ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவில் தண்டனையும் உண்டு. தண்டனைக்கு அஞ்சுவதினும் மேலான காரணம் ஒன்றுண்டு. நில அளவைக்காரர் தம் கருவி விரும்பாத அளவைக் காட்டிற்று என்று அதனை உடைப்பதில்லை. மீண்டும் அளந்து பார்க்கின்றார். களத்திலும் வகுப்பறையிலும் நாம் போற்றும் அந்நேர்மை, நாம் ஏறிச் செல்லும் வண்டிக்கும் உரியதே.